ஈ-ரீடர் வாங்கப் போகிறாயா? முதலில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திற!

தங்கச்சி, போனில் படித்துப் படித்துக் கண் எரிகிறது, ஈ-ரீடர் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன், ஆறு இன்ச் போதுமா ஏழு இன்ச் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்கிறார்கள். அதனால் உனக்குச் சொல்வதை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

"நாவல் படிக்க ஆறு இன்ச் தாராளம்" என்றுதான் எங்கே தேடினாலும் வரும். பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலம் படிக்கிறவர்கள் போட்ட கணக்கு. நீயும் நானும் படிப்பது தமிழ். ஆங்கிலத்தில் நாலைந்து குட்டி வார்த்தைகளாக நிற்பதை நாம் ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறோம். 'காத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரு வார்த்தை வந்தால், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கும் ஆறு இன்ச் ஸ்க்ரீனில் அதுவே முக்கால் வரியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வார்த்தைக்கு இடமிருக்காது, கீழே இறங்கிவிடும். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று கருவி வரியை இழுத்துப் பிடிக்கும். நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டைகளைக் கண் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். களைப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதனால் நான் இன்ச்சை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, என் கண்ணுக்கு வசதியான எழுத்தளவில் ஒரு வரிக்கு எத்தனை தமிழ் வார்த்தை விழுகிறது என்பதை. ஐந்திலிருந்து ஏழு வரை விழுந்தால் நிம்மதியாகப் படிக்கலாம். நாலுக்குக் கீழே போனால் கதையில் மனசு நிற்காது, பக்கம் தள்ளுவதே வேலையாகிவிடும்.

இன்ச் சொல்வதும் சொல்லாததும்

கடையில் சொல்லும் இன்ச், ஸ்க்ரீனின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்த அளவு. அகலத்தை அது சொல்வதில்லை. உன் போன் 6.7 இன்ச் இருக்கும். ஈ-ரீடர் ஆறு இன்ச்தானே, போனைவிடச் சின்னதாயிற்றே என்று தோன்றும். ஸ்கேலை வைத்துப் பார். போன் நெட்டையாக இருக்கிறது, அகலம் 7 செ.மீ. தேறினால் அதிகம். ஆறு இன்ச் ஈ-ரீடரின் ஸ்க்ரீன் சுமார் 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். படிப்பதற்கு அகலம்தான் முக்கியம். ஆறு இன்ச்சே போனைவிட ஒரு வார்த்தை, ஒன்றரை வார்த்தை கூடுதலாகத் தரும்.

ஏழு இன்ச்சில் ஸ்க்ரீன் சுமார் 10.7 செ.மீ. அகலம், 14.2 செ.மீ. உயரம். ஒரே ஒரு இன்ச் வித்தியாசம் என்று நினைக்காதே. பரப்பளவில் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கூடுதல் இடம். 2024-ல் வந்த கிண்டில் பேப்பர்வொயிட் இந்த அளவு. அதற்கு முந்தைய 2021 மாடல் 6.8 இன்ச், அதுவும் கிட்டத்தட்ட இதே வசதிதான். கோபோ நிறுவனத்தின் லிப்ரா வரிசையும் ஏழு இன்ச்.

இதை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுலபமாகப் புரியும். நம் பதிப்பகங்கள் பெரும்பாலும் கிரவுன் சைஸிலோ டெம்மி சைஸிலோ புத்தகம் போடுகின்றன. கிரவுன் சுமார் 12-க்கு 18 செ.மீ., டெம்மி சுமார் 14-க்கு 21.5 செ.மீ. ஓரம் போக அச்சு இருக்கும் அகலத்தை மட்டும் அளந்தால், கிரவுனில் 9 செ.மீ. பக்கமாகவும் டெம்மியில் பத்தரை செ.மீ. பக்கமாகவும் வரும். அதாவது ஆறு இன்ச் கிரவுனுக்கு ஈடு, ஏழு இன்ச் டெம்மிக்கு ஈடு. உனக்கு எந்தப் புத்தகம் கையில் எடுத்தால் தடையில்லாமல் ஓடுகிறதோ, அதை எடுத்து அச்சுப் பகுதியை அளந்து பார். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி உன் கண்ணைப் பொறுத்தது. அச்சில் இருக்கும் எழுத்தளவிலேயே படிக்க முடிகிறவர்களுக்கு ஆறு இன்ச் போதும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்துவிட்டவர்கள் எழுத்தை இரண்டு மூன்று படி ஏற்றித்தான் படிப்பார்கள். ஏற்ற ஏற்ற வரிக்கு விழும் வார்த்தை குறையும். அவர்களுக்கு ஏழு இன்ச்சுக்குக் கீழே வாங்கிக் கொடுக்காதே. உனக்கு முப்பத்தெட்டு. இன்று வாங்குவதை ஆறேழு வருஷம் வைத்திருப்பாய். அதையும் மனசில் வை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண் எரிச்சலுக்குக் காரணம் ஸ்க்ரீன்தான் என்று நீயே முடிவு செய்துவிடாதே. முதலில் கண் டாக்டரைப் பார். கண்ணாடிப் பவர் மாறியிருந்தால் எந்த ஸ்க்ரீனும் உதவாது.

புள்ளி தெரிகிறதா?

அளவுக்கு அடுத்தது தெளிவு. பெட்டியில் பிபிஐ என்று ஒரு எண் இருக்கும். ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை பிக்சல் என்பது அதன் பொருள். 2007-ல் வந்த முதல் கிண்டில் 167 பிபிஐ. 2012-ல் வந்த முதல் பேப்பர்வொயிட் 212. 2014-ல் கிண்டில் வாயேஜ் 300-ஐத் தொட்டது. 2015-லிருந்து பேப்பர்வொயிட்டும் 300. ஆனால் அடிப்படைக் கிண்டில் மட்டும் 2019 மாடல் வரைக்கும் 167-லேயே நின்றது. 2022-ல்தான் அதுவும் 300 ஆயிற்று.

இந்த வரலாறு எதற்கு என்றால், பழைய கருவி வாங்குகிறவர்களுக்காக. செகண்ட் ஹேண்டில் 'கிண்டில், நல்ல கண்டிஷன், பாதி விலை' என்று விளம்பரம் பார்த்தால் உடனே கையை நீட்டாதே. எந்த வருஷத்து மாடல், எத்தனை பிபிஐ என்று கேள். 167-க்கும் 300-க்கும் பார்வைக்கு இரண்டு மடங்கு வித்தியாசம் மாதிரி தெரியும். பரப்பில் பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல்.

தமிழுக்கு இது ஏன் முக்கியம் தெரியுமா? நம் எழுத்தில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே அர்த்தத்தை மாற்றிவிடும். 167 பிபிஐயில் ஒரு பிக்சல் சுமார் 0.15 மி.மீ. சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு மூன்று பிக்சலுக்குள் அடங்கி, சாம்பல் கறை மாதிரி நிற்கும். 300-ல் ஒரு பிக்சல் 0.08 மி.மீ. சொச்சம்தான், புள்ளி வட்டமாக விழும். அதே மாதிரி 'ழு'வையும் 'மு'வையும் பக்கத்தில் வைத்துப் பார், 'னை', 'ணை', 'ளை' மூன்றையும் பார், 'கி'க்கும் 'கீ'க்கும் மேல்விலங்கு பிரிந்து தெரிகிறதா பார். 'ஞூ', 'ணூ' மாதிரி சுழி அதிகமான எழுத்தில் உள்பக்க வெள்ளை அடைபடாமல் இருக்கிறதா என்றும் கவனி. ஆங்கில எழுத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. கடையில் டெமோவுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் ஆங்கிலப் பக்கம்தான். தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் திறந்து காட்டச் சொல். முடியாது என்றால் ஏற்கெனவே வாங்கிய தோழி யாரிடமாவது கேட்டு ஒரு சாயங்காலம் வைத்துப் படி.

ஃபான்ட்டும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும் எழுத்துரு அச்சில் அழகு. ஈ-ரீடரில் மெல்லிய கோடு சாம்பலாகிக் கரைந்துவிடும். ஒரே தடிமனில் ஓடும் எழுத்துருதான் இங்கே நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை இரண்டும் இலவசம். கிண்டிலிலும் கோபோவிலும் கேபிள் போட்டு, ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டால் எழுத்துருப் பட்டியலில் வந்து சேரும். சேர்த்ததும் ஒரு அத்தியாயம் படித்துப் பார்த்துவிடு. கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் அந்தப் புத்தகத்துக்கு அது ஒத்துவரவில்லை என்று அர்த்தம், பழையபடி மாற்றிக்கொள்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

போன் ஸ்க்ரீன் தானே ஒளி விடுகிறது. அந்த ஒளி நேராக உன் கண்ணுக்கு வருகிறது. ஈ-ரீடரில் இருக்கும் ஈ-இங்க் ஸ்க்ரீன் அப்படியில்லை. கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டிக் குமிழ்கள், அதற்குள் தெளிந்த திரவம், அதில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த கறுப்புதான் உனக்கு எழுத்து. பக்கம் மாறும்போது மட்டும்தான் இந்த இடமாற்றத்துக்கு மின்சாரம் செலவாகும், அதனால்தான் பேட்டரி வாரக்கணக்கில் நிற்கிறது. அறையின் வெளிச்சம் அதன் மேல் பட்டுத் திரும்பித்தான் நாம் படிக்கிறோம். வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்தால் போன் மங்கும், இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

ராத்திரிக்கு வைத்திருக்கும் விளக்குகூட ஸ்க்ரீனுக்குப் பின்னால் இல்லை. ஓரத்தில் இருக்கும் எல்இடி, மேலே ஒரு மெல்லிய தகடு வழியாக ஒளியைப் பரப்பி ஸ்க்ரீன் மீது விழச் செய்கிறது. எல்இடி குறைவாக இருந்தால் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும். 2019-ன் அடிப்படைக் கிண்டிலில் நாலு எல்இடி, 2021 பேப்பர்வொயிட்டில் பதினேழு. இரண்டையும் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் வசதிக்கு நான் பணம் கொடுப்பேன். வெள்ளை ஒளியை மஞ்சள் பக்கமாகத் திருப்பிக்கொள்ளலாம். ராத்திரி படுக்கையில் படிக்கிறவர்களுக்குக் கண்ணுக்கு எத்தனை இதம் என்று அனுபவித்தால்தான் தெரியும். பேப்பர்வொயிட்டில் 2021 முதல் இருக்கிறது. அடிப்படைக் கிண்டிலில் இல்லை. பகலில் மட்டும், பஸ்ஸிலும் ஆபீஸ் இடைவேளையிலும் படிக்கிறவள் என்றால் இதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

ஸ்க்ரீன் ஓரத்தை விரலால் தடவிப் பார். சிலவற்றில் சட்டம் உயர்ந்து, ஸ்க்ரீன் கொஞ்சம் உள்ளே பதிந்திருக்கும். சிலவற்றில் ஓரமும் ஸ்க்ரீனும் ஒரே மட்டமாக வழவழவென்று இருக்கும். வழவழப்பானது பார்க்க அழகு, தூசி ஓரத்தில் சேராது. ஆனால் மேலே ஒரு அடுக்கு கூடுதலாக இருப்பதால் டியூப்லைட் பிரதிபலிக்கும், விரல்ரேகையும் படியும். உள்ளே பதிந்தவற்றில் எழுத்து ஒரு இழை கூடுதலாகக் கறுத்துத் தெரியும். தலைக்கு மேலே டியூப்லைட் இருக்கும் அறையில்தான் படிப்பாய் என்றால் இதையும் கணக்கில் எடு.

கலர் வேண்டுமா

2024-ல் கோபோ லிப்ரா கலர், க்ளாரா கலர், கிண்டில் கலர்சாஃப்ட் என்று வரிசையாகக் கலர் ஈ-ரீடர்கள் வந்தன. கதையும் கட்டுரையும் படிக்கிறவளுக்கு என் பதில்: வேண்டாம். இவற்றில் கறுப்பு வெள்ளை ஸ்க்ரீன் மேலேயே கலர் வடிகட்டி ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து 300 பிபிஐயிலேயே வரும், கலர்ப் படம் 150-க்கு இறங்கிவிடும். வடிகட்டி ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் பின்புலம் வெள்ளையாக இல்லாமல் சாம்பல் பூத்துத் தெரியும், பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். படக்கதை, குழந்தைகளின் படப் புத்தகம், கலரில் அடிக்கோடு போட்டுப் பாடம் படிப்பது, இவற்றுக்கு மட்டும் அது பிரயோஜனம்.

பிடிஎஃப்: இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு இது அவ்வளவு பெரிய பிரச்னை இல்லை. நமக்குப் பெரிய பிரச்னை. கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகம் வந்ததே 2016 டிசம்பரில்தான். அதற்கு முன்னாலேயே 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியத்தை இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் தளத்திலும் பழைய புத்தகங்கள் ஸ்கேன் வடிவில் குவிந்து கிடக்கின்றன. கடையில் இல்லாத எத்தனையோ நூல் அங்கேதான் கிடைக்கும். ஆனால் பாதிக்கு மேல் பிடிஎஃப்.

பிடிஎஃப் என்றால் பக்கம் அச்சடித்த மாதிரி உறைந்து போனது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது, பக்கம்தான் ஸ்க்ரீனுக்கு வெளியே போகும். ஏ4 அளவில் 12 பாயின்ட்டில் செய்த பிடிஎஃப்பை ஆறு இன்ச்சில் முழுப் பக்கமாகத் திறந்தால் எழுத்து 5 பாயின்ட்டுக்குச் சுருங்கிவிடும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தின் எழுத்து அளவு அது. ஏழு இன்ச்சிலும் 6-க்குக் கீழேதான். பத்து இன்ச் கருவியில்தான் 8-ஐத் தாண்டும். ஏழு இன்ச் வாங்கினால் பிடிஎஃப் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அதனால் எதைப் படிக்கப் போகிறாய் என்று முதலில் பிரித்துக்கொள். கடையில் வாங்கும் மின்னூல், ஈபப் கோப்பு இவை ஸ்க்ரீனுக்கு ஏற்ப வரி மடங்கிக்கொள்பவை. இவற்றுக்கு ஏழு இன்ச் போதும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் மாதிரித் தளங்களில் ஈபப்போடு ஆறு இன்ச்சுக்கென்றே செய்த பிடிஎஃப்பும் கொடுக்கிறார்கள். ஈபப் இருக்கும்போது ஏ4 பிடிஎஃப்பை இறக்காதே.

பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறதென்றால் சில வழிகள் உண்டு. கருவியைப் படுக்கவாட்டில் திருப்பு. ஆறு இன்ச்சில் 9 செ.மீ.யாக இருந்த அகலம் 12 ஆகிவிடும், எழுத்து 7 பாயின்ட்டுக்கு ஏறும், பக்கத்தைப் பாதி பாதியாகப் படிக்கலாம். அடுத்தது ஓரத்தை வெட்டுவது. டெம்மி புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் சுற்றிலும் வெற்று ஓரம் நிறைய இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டு ஏற்றினால், ஏழு இன்ச்சின் அகலத்துக்கு அச்சுப் பகுதி கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே உட்காரும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அது பக்கத்தைப் படமாகவே எடுத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக நறுக்கிச் சின்ன ஸ்க்ரீனுக்கு அடுக்கித் தரும். எழுத்தை அடையாளம் காண வேண்டிய அவசியமே அதற்கு இல்லாததால் தமிழுக்கும் வேலை செய்கிறது. ஸ்கேன் சாய்வாக இருந்தால் மட்டும் வரி தடுமாறும்.

பிடிஎஃப்பை மின்னூலாக மாற்றிக் கொடுக்கும் வசதியை நம்புவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய். அந்தப் பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியைக் காப்பி எடுத்து மெசேஜ் பெட்டியில் ஒட்டிப் பார். தமிழாகவே விழுந்தால் யூனிகோட், மாற்றலாம். ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து விழுந்தால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் செய்தது. அதை அப்படியே மாற்றினால் புத்தகம் முழுக்க அந்தக் குப்பைதான் வரும்.

ஆராய்ச்சி மாணவர்கள், பழைய ஸ்கேன்களிலேயே வாழ்கிறவர்கள், பத்திரிகையின் பிடிஎஃப் இதழ்களை வாரா வாரம் படிக்கிறவர்கள், இவர்களுக்கு நான் பத்து இன்ச்சைத்தான் சொல்வேன். கிண்டில் ஸ்க்ரைப் 2022 மாடல் 10.2 இன்ச், 300 பிபிஐ. ரீமார்க்கபிள் 2, கோபோ எலிப்சா இரண்டும் 10.3 இன்ச், 226, 227 பிபிஐ. ரீமார்க்கபிள் 2-ல் விளக்கே கிடையாது, ராத்திரிப் படிப்புக்கு மேஜை விளக்கு வேண்டும். இந்த அளவு ஸ்க்ரீன் கிட்டத்தட்ட ஏ5 தாளுக்குச் சமம். இரண்டு பத்தி, மூன்று பத்தியாக இருக்கும் பத்திரிகைப் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்க்காமல் ஒரேயடியாகப் படிக்கலாம்.

கையும் பேச வேண்டும்

பெரிய ஸ்க்ரீன் என்றால் கனமும் கூடத்தான் செய்யும். 2022-ன் அடிப்படைக் கிண்டில் 158 கிராம். ஏழு இன்ச் பேப்பர்வொயிட் 211. ஸ்க்ரைப் 433. நீ மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் படிப்பவள். பத்து இன்ச்சை அப்படிப் பத்து நிமிஷம் பிடிக்க முடியாது, அது மேஜையிலும் மடியிலும் வைத்துப் படிக்கிறது. உறை போட்டால் இன்னும் நூறு கிராமுக்கு மேல் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள். வேலைக்குப் போகும் வழியில் நின்றுகொண்டே படிக்கிறவர்களுக்கு 158 கிராமின் அருமை தெரியும். அந்த ஒரு காரணத்துக்காக ஆறு இன்ச்சைத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு வாங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவுக்குப் பளிச்சென்ற வெளிச்சம் கூசுகிறது. எழுத்தையும் நன்றாகப் பெரிதாக்கித்தான் படிக்கிறாள். ஏழு இன்ச், மஞ்சள் ஒளி இரண்டும் அவளுக்கு அவசியம். இன்னொன்று, விரல் உலர்ந்து போனவர்களுக்குத் தொடுதிரை சில சமயம் கேட்பதில்லை, இல்லாவிட்டால் இரண்டு பக்கம் சேர்ந்து ஓடிவிடுகிறது. பக்கம் திருப்ப ஓரத்தில் நிஜமான பட்டன் இருக்கும் மாடல் கிடைத்தால் அதையே வாங்கு. லிப்ரா வரிசையில் இருக்கிறது. கிண்டிலில் ஓயாசிஸில் இருந்தது, 2024-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஓரத்தை மிகக் குறைவாக வை, நமக்கு அகலம் வீணாகக் கூடாது. வரி இடைவெளியை நடுத்தரத்துக்குக் குறைக்காதே. நம் எழுத்தில் மேலே விலங்கும் கீழே சுழியும் இருப்பதால் வரி நெருங்கினால் ஒன்றோடொன்று முட்டும். இரண்டு ஓரமும் நேராக நிற்கும் அமைப்பை எடுத்துவிட்டு இடது ஓரம் மட்டும் நேராக வை, முதலில் சொன்ன ஓட்டைகள் அத்தோடு தீர்ந்துபோகும். வலது ஓரம் கோணல் மாணலாக இருப்பது இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். முந்தின பக்கத்தின் நிழல் மங்கலாகத் தங்கினால், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்க்ரீனைப் புதுப்பிக்கும் அமைப்பைப் போட்டுக்கொள். விளக்கை அறையின் வெளிச்சத்துக்குச் சமமாக வை, முழுசாக ஏற்றி வைத்துப் படித்தால் ஈ-இங்க் வாங்கியதன் பலன் குறைந்துவிடும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பார், கண்ணை நன்றாகச் சிமிட்டு. கதை சுவாரஸ்யமாகப் போனால் கண் சிமிட்டவே மறந்துவிடும். ஈ-ரீடர் ஆனாலும் அச்சுப் புத்தகம் ஆனாலும் இது பொருந்தும்.

உனக்கென்று கேட்டால் என் தீர்ப்பு இது: ஏழு இன்ச், 300 பிபிஐ, மஞ்சள் ஒளி, கறுப்பு வெள்ளை. பட்ஜெட் இடிக்கிறதென்றால் மஞ்சள் ஒளியை விட்டுவிடு, 300 பிபிஐயை விடாதே. அதற்கும் கீழே இறங்க வேண்டியிருந்தால் ஆறு இன்ச் 300-ஐ வாங்கு, ஏழு இன்ச்சில் பழைய மங்கலான ஸ்க்ரீனை வாங்காதே. பிடிஎஃப் படிப்பதற்கென்று ஏழு இன்ச்சிலிருந்து எட்டு இன்ச்சுக்குத் தாவுவதில் அர்த்தமில்லை. தாவினால் பத்துக்கே போ.

பெட்டி வந்த அன்றே ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து பார். ஒரு ஓரம் மட்டும் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிகிறதா, நடுவில் நிலையாக ஒளிரும் பொட்டோ கறுப்புப் பொட்டோ இருக்கிறதா என்று கவனி. அப்புறம் ஒரு தமிழ்க் கதையை அரைமணி நேரம் படி. பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதே. எதுவாவது கண்ணை உறுத்தினால் நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளாமல், திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் வேறு கேட்டு மாற்றி வாங்கிவிடு.